இத்தாலியக் கடையில் பணம் செலுத்த: கையேடா, செயலியா, ஒலிப்பாடமா?

இத்தாலிக்குச் சில நாள் பயணமாகச் செல்பவர், கடையில் பணம் கொடுக்கும் அளவுக்கு மட்டும் இத்தாலியம் கற்க நினைத்தால், சொற்றொடர்க் கையேடு, டுவோலிங்கோ போன்ற செயலி, பிம்ஸ்லர் ஒலிப்பாடம் ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். கல்லாவின் முன் நாம் பேசுவது குறைவு, கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டியதே அதிகம் என்பதால், காதை எது பழக்குகிறது என்பதே என் அளவுகோல். ‘குவான்தோ கோஸ்தா?’ என்று விலை கேட்பது எளிது. பல்பொருள் அங்காடிக் காசாளரோ, ‘ஆ லா தெஸ்ஸெரா?’ என்று உறுப்பினர் அட்டையையும், ‘வுவோலே உன் சாக்கெத்தோ?’ என்று பையையும் ஒரே மூச்சில் விசாரித்துவிட்டுத் தொகையையும் சொல்லி முடித்திருப்பார்.

கையேட்டின் பலம், வழக்கங்களையும் அது விளக்க முடியும் என்பதாகும். கூட்டம் மிகுந்த காப்பிக்கடைகளில் முதலில் கல்லாவில் பணம் கட்டி, ‘ஸ்கொன்த்ரீனோ’ எனப்படும் ரசீதைப் பெற்று, அதைக் காட்டித்தான் காப்பி வாங்க வேண்டியிருக்கும் என்பதை முன்பே அறிந்தவருக்குத் தடுமாற்றம் இல்லை. ஆனால் உச்சரிப்பைத் தமிழில் குறித்துக்கொள்வோர் கவனமாக இருக்க வேண்டும்: ‘செத்தே’ (7), ‘ஒத்தோ’ (8) போன்ற இரட்டை ஒலிகள் நம் எழுத்தில் சரியாகவே அமைகின்றன, 20 என்பதை ‘வெந்தி’ என்று எழுதினாலோ, நம் நாக்கு தகரத்தை மென்மையாக்கிவிடும். அதனால் ‘வென்தி’ என்று எழுதுவதே நல்லது. ரொக்கத்தைக் குறிக்கும் ‘கொன்தான்தி’க்கும் இது பொருந்தும்.

செயலியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நாள்தோறும் சிறிது நேரம் ஒதுக்கிப் பல மாதம் படிப்பவருக்கு அது ஏற்றது. அடுத்த மாதம் விமானம் ஏறுபவர் கடைப்பேச்சுக்குத் தொடர்பற்ற வாக்கியங்கள் பலவற்றையும் கடந்தாக வேண்டும்.

ஒலிப்பாடத்தையே நான் முதலிடத்தில் வைக்கிறேன். மொழி கற்றல் ஆய்வாளரான பால் பிம்ஸ்லர் 1967-இல் முன்வைத்த நினைவூட்டல் முறையில், கேட்ட சொல்லை 5 விநாடி, 25 விநாடி, 2 நிமிடம் என நீளும் இடைவெளிகளில் நாமே சொல்லும்படி மீண்டும் கேட்பதால், விடை தானாக வாயில் வந்துவிடுகிறது. ஏறத்தாழ அரை மணி நேரம் ஓடும் பாடங்களில் விளக்கம் ஆங்கிலத்தில் அமைவதும், பணப்பேச்சு வரும்வரை பொறுத்திருக்க வேண்டியதும் குறைகளே. ஆயினும் ‘செஸ்ஸான்தா’வா (60), ‘செத்தான்தா’வா (70) என்ற ஐயத்தைக் காதால் கேட்டுப் பழகித்தான் தீர்க்க முடியும். 3.20 யூரோவை ‘த்ரே எ வென்தி’ என்று சுருக்கிச் சொல்லும்போதும் அப்படித்தான்.

வங்கி அட்டையில் செலுத்தலாமா என்று கேட்கும் வாக்கியத்துக்காக மெனக்கெட வேண்டியதில்லை: 2022 ஜூன் 30 முதல், அட்டையை ஏற்க மறுக்கும் வணிகருக்கு 30 யூரோவும், நாம் செலுத்த வேண்டிய தொகையில் 4 சதவீதமும் அபராதம் உண்டு. அந்த நேரத்தை எண்களுக்குச் செலவிடலாம்.