பாக் தலே: "கரண்டிமூக்கு உள்ளான் உறுதி" என்று சொன்னால் முன்பணம் கொடுக்காதீர்கள்

தாய்லாந்து போகும் பறவைநோக்கர்கள் கவனிக்கவும். அலகு நுனி கரண்டிபோல் விரிந்த கரண்டிமூக்கு உள்ளான் என்ற அரிய கரைப்பறவையைக் காட்டுவதாகச் சொல்லி, பாங்காக்கிலிருந்து பாக் தலே உப்பளத்துக்கு என்று விற்கப்படும் ஒருநாள் பயணங்களில் சில, பறவையின் பேரைச் சொல்லி நடத்தும் வெறும் ஊர்சுற்றல்.

சென்ற ஜனவரியில் சென்னையிலிருந்து போன நால்வருக்கு நடந்தது இது. காலை எட்டு மணிக்குத்தான் ஓட்டல் வாசலுக்கு வேன் வந்தது. வழியில் தாம்னோன் சதுவாக் மிதக்கும் சந்தையில் இரண்டு மணி நேரம் போனது. உப்பளத்தில் இறங்கும்போது மணி ஒன்று. வழிகாட்டியிடம் ஸ்கோப் (முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி) இல்லை, பைனாகுலர் மட்டும். தூரத்தில் ஒரு குட்டிப் பறவையைக் காட்டி "அதுதான்" என்றார். எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், அலகு நுனியில் சேறு ஒட்டிய செங்கழுத்துக் கொசு உள்ளான் என்ற சாதாரணக் கரைப்பறவை.

இந்த ஏமாற்று எளிதாகப் பலிக்கும். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு, சுமார் 15 செ.மீ. பக்கவாட்டில் பார்த்தால் கரண்டி சரியாகத் தெரியாது. பறவை நேரே நம் பக்கம் திரும்ப வேண்டும். இரை தேடும் விதத்தைப் பாருங்கள். கொசு உள்ளான் படபடவென்று கொத்தும். கரண்டிமூக்கு தலையைத் தாழ்த்தி, அலகைத் தண்ணீரிலேயே வைத்து இடவலமாக அசைத்துக்கொண்டு நடக்கும். ரஷ்யாவின் வடகிழக்கு மூலையிலுள்ள சுகோட்கா பக்கத்திலிருந்து வரும், உலகில் சில நூறே மிஞ்சியிருக்கும் பறவை இது. அதன் பேரில் பொய் சொல்வதை மன்னிக்க முடியவில்லை.

இப்படிப் போனால் நேரமும் தவறிவிடும். கடல் வற்றியிருக்கும்போது பெரும்பாலான கரைப்பறவைகள் வெளிச்சேற்றில் பரவிவிடும். ஓதம் (கடல்நீர் மட்டம்) ஏற ஏறத்தான் உப்பளப் பாத்திகளுக்குள் ஒதுங்கும். ஆகவே அன்றைய ஓத அட்டவணையைப் பார்த்துத்தான் புறப்படும் நேரத்தை முடிவு செய்ய வேண்டும். காலை பத்து மணிக்கு மேல் கானல் எழும், ஸ்கோப்பிலும் எல்லாம் நெளியும். பாங்காக்கிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம்; ஓதம் காலையில் ஏறும் நாளில் அதிகாலை நான்கரைக்குக் கிளம்பினால் சரி. கடல் கிழக்கே இருப்பதால் காலையில் அந்தப் பக்கம் எதிர்வெயில் அடிக்கும், அதற்கேற்ப நின்றுகொள்ளுங்கள்.

பறவைநோக்கர்கள் தாங்கள் பார்த்ததைப் பதியும் ஈபேர்ட் இணையதளத்தில் அந்த இடத்தின் மொத்தப் பட்டியலைக் காட்டி முகவர்கள் மயக்குவார்கள். எப்போதோ ஒருமுறை வந்த பறவையும் அதில் இருக்கும். பறவை எவ்வளவு அடிக்கடி தென்படுகிறது என்று வாரவாரியாகக் காட்டும் பட்டை வரைபடத்தைத் திறந்து, நீங்கள் போகும் வாரத்தைப் பாருங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நம்பிக்கையான காலம். கடைசியாகப் பார்த்த தேதியையும் பாருங்கள். ஈபேர்டின் நிலப்படத்தில் உள்ள குறி அந்த இடம் முழுதுக்குமான ஒரு பொதுப்புள்ளிதான், பறவை நிற்கும் பாத்தி அல்ல. தொழிலாளர்கள் பாத்திக்குப் பாத்தி நீரை மாற்றுவதால், போன வாரம் பறவை நின்ற பாத்தி இன்று காய்ந்து கிடக்கலாம். கணுக்கால் நனையாத ஆழத்தில் நீரும் அடியில் சேறும் உள்ள பாத்தியில்தான் தேட வேண்டும். உப்பு விளையும் கடைசிப் பாத்திகளில் இரை கிடைக்காது.

பணம் கட்டும் முன் எழுத்தில் கேளுங்கள்: ஸ்கோப் யார் கொண்டுவருகிறார்? வழிகாட்டி இந்தப் பருவத்தில் பாக் தலேயில் பதிந்த ஈபேர்ட் பட்டியல்கள் எங்கே? சந்தை, கோயில் என்று வேறு நிறுத்தம் உண்டா? காட்டியே தீருவேன் என்பவரை விட்டுவிடுங்கள். "போன வாரம் இருந்தது, தேடிப் பார்ப்போம்" என்பவரோடு போங்கள். கிடைக்காவிட்டால் அருகிலுள்ள லேம் பக் பியாவின் கழிவுநீர்க் குளங்களுக்கும் அலையாத்திக் காட்டுக்கும் அவரே கூட்டிப்போவார்.