லோக்கல் கைடு புள்ளிகள்: பின்னை நகர்த்தினாலும் 5, தோசையைப் படமெடுத்தாலும் 5

பெங்களூரில் '4வது கிராஸ்' (நான்காவது குறுக்குத் தெரு) என்று மட்டும் சொன்னால் ஆட்டோக்காரர் சிரிப்பார். ஜெயநகரிலும் 4வது கிராஸ் உண்டு, மல்லேஸ்வரத்திலும் உண்டு, லேஅவுட்டுக்கு லேஅவுட் உண்டு. ராத்திரி பத்து மணிக்கு மருந்துக்கடை தேடுகிறவருக்குக் கைகொடுப்பது மேப்பில் சரியான வாசலில் நிற்கும் இடக்குறி, அதாவது 'பின்'தான். அந்தப் பின்னை யாரோ ஒருவர் சம்பளம் வாங்காமல் நகர்த்தி வைத்திருக்கிறார். மேப்பில் ரிவ்யூ, படம், திருத்தம் சேர்க்கும் பயனர்களுக்குப் புள்ளி தரும் கூகுள் மேப்ஸின் லோக்கல் கைடு திட்டம் அதற்குக் கொடுக்கும் கூலி 5 புள்ளி. அதே தெருவில் ஏற்கெனவே நூறு பேர் எடுத்த மசால் தோசையை நூற்று ஒன்றாவது ஆளாகப் படமெடுத்துப் போட்டவருக்கும் 5 புள்ளிதான். இந்தத் திட்டத்தின் கோளாறு இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

கணக்கை முழுதாகப் பார்ப்போம். ஒரு கடைக்கு நட்சத்திரம் மட்டும் கொடுத்தால் 1 புள்ளி. ரிவ்யூ எழுதினால் 10, அது 200 எழுத்தைத் தாண்டினால் மேலும் 10. படம் 5, திருத்தம் 5, மேப்பில் இல்லாத இடத்தைச் சேர்த்தால் 15. புள்ளி சேரச் சேர லெவல் ஏறும். 15இல் இரண்டாவது லெவல், 75இல் மூன்றாவது, 250இல் நான்காவது. பெயருக்குப் பக்கத்தில் பேட்ஜ் வருவது இங்கிருந்துதான். அப்புறம் 500, 1,500, 5,000, 15,000, 50,000, கடைசியாக ஒரு லட்சத்தில் பத்தாவது லெவல்.

ஆரம்பப் படிகளை நன்றாகவே கட்டியிருக்கிறார்கள். ஒரு ரிவ்யூ, ஒரு படம், அவ்வளவுதான். இரண்டாவது லெவல் வந்துவிடும். புதிதாக வருபவரை வாசலிலேயே உட்காரவைக்காத ஏற்பாடு. நான்காவது லெவலுக்கு 200 எழுத்துக்கு மேற்பட்ட ரிவ்யூ 13 போதும். இரண்டு மூன்று மாதம் கண்ணைத் திறந்துகொண்டு ஊரைச் சுற்றுகிறவர் எட்டிவிடலாம்.

மேலே போகப் போகத்தான் சிக்கல். 50,000 புள்ளியை ரிவ்யூவில் மட்டும் சேர்க்க 2,500 நீள ரிவ்யூ வேண்டும். வாரத்துக்கு ஒரு புது ஹோட்டல் என்று சாப்பிட்டாலும் 48 வருஷம் ஆகும். படமாகப் போட்டால் 10,000 படம், அதைக் கை ஓயாமல் தட்டினால் சீக்கிரமே முடித்துவிடலாம். ஆகவே ஒன்பதாவது லெவல்காரர் என்றால் பெரும்பாலும் நிறையப் படம் போடுகிறவர் என்று அர்த்தம். சாப்பாட்டு ருசி அறிந்தவர் என்று அர்த்தமாகாது. 'சூப்பர்' என்று ஒற்றை வார்த்தை ரிவ்யூ இரண்டு போட்டாலும், யோசித்து எழுதிய ஒரு பத்தி போட்டாலும் வரவு 20தான். இதில் எதைச் செய்யத் தோன்றும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கோளாறின் வேர் எங்கே என்றால், ஒன்றைப் போட்ட உடனே போட்டவருக்குப் புள்ளி வந்துவிடுகிறது, அதனால் பயனடைந்தவரின் கையிலிருந்து வருவதில்லை. உங்கள் ரிவ்யூவை ஆயிரம் பேர் படித்து விருப்பம் தட்டினாலும் அதற்கென்று லெவல் புள்ளி கிடையாது. 2008இல் வந்த ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற புரோகிராமர்களின் கேள்வி-பதில் தளம் இதைத் தலைகீழாகச் செய்தது. அங்கே பதில் எழுதியதற்குப் புள்ளி இல்லை. மற்றவர் அதை ஏற்றி ஓட்டுப் போட்டால் 10, இறக்கி ஓட்டுப் போட்டால் 2 போகும். ஒரு பதிலை இறக்குகிறவரும் தன் கையிலிருந்து 1 இழக்க வேண்டும், அதனால் சும்மா கோபத்தில் யாரும் குத்துவதில்லை. ஓட்டுகளால் ஒரு நாளில் 200க்கு மேல் சேர்க்கவும் முடியாது. அந்த உச்சவரம்பு ஒன்றே பாதி தில்லுமுல்லைத் தடுத்துவிடும். அங்கேயும் புதியவரை மிரட்டும் கெடுபிடி உண்டு, ஆனால் எண்ணுக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது.

பரிசு விஷயத்திலும் கூகுள் ஒரு பாடம் படித்தது. 2015இல் நான்காவது லெவலுக்கு கூகுள் ட்ரைவில் ஒரு டெராபைட் சேமிப்பிடம் இலவசம் என்று அறிவித்தார்கள். இலவசம் என்றால் கூட்டம் வரும், கூட்டத்தோடு குப்பையும் வரும். பிறகு அந்தச் சலுகை போய்விட்டது. கடைக்காரர் தரும் பரிசு இதைவிட மோசம். 'ஐந்து நட்சத்திரம் போட்டால் பில்லில் தள்ளுபடி' என்று கல்லாவில் அட்டை வைப்பது கூகுளின் விதிப்படியே தவறு. ஆன்லைன் ரிவ்யூக்களுக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் 2022 நவம்பரில் ஐஎஸ் 19000 என்ற தரநிலையும் கொண்டுவந்தது. ஆனால் கட்டாயமில்லை என்பதால் பல் இல்லாத சிங்கம்.

அதனால் சிவாஜிநகரில் பிரியாணிக் கடை தேடும்போது லெவல் எண்ணை மறந்துவிடுங்கள். எழுதியவரின் பெயரைத் தட்டி அவர் வேறென்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். எல்லாமே ஐந்து நட்சத்திரம், அல்லது சம்பந்தமில்லாத ஊர்களில் ஒரே வாரத்தில் பல் டாக்டர், பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ், மண்டபம் என்றால் தள்ளிவிடலாம். பிறகு ரிவ்யூக்களைப் புதியது முதலில் என்று அடுக்கி மூன்று நட்சத்திரக்காரர்களைப் படியுங்கள். பாராட்டவும் திட்டவும் சம்பளம் வாங்காதவர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்கள்.

அபார்ட்மென்ட்டில் பிளம்பர், சமையல்காரம்மா, டியூஷன் மிஸ் என்று பரிந்துரை பகிரும் தமிழ்க் குழுவுக்குச் சொந்தமாகப் புள்ளி முறை அமைப்பவர்கள் இந்த வடிவத்தை அப்படியே எடுக்க வேண்டாம். பரிந்துரை செய்ததற்குப் புள்ளி தராதீர்கள். அந்தப் பிளம்பரைக் கூப்பிட்டு வேலை முடித்த இன்னொருவர் 'சரி' என்று சொன்ன பிறகு கொடுங்கள். ஒரே இரண்டு பேர் மாறி மாறி முதுகு சொறிந்துகொள்ளாமல் இருக்க, ஒருவர் இன்னொருவருக்கு மாதம் ஒருமுறைதான் தரலாம் என்று வையுங்கள். பழைய புள்ளி கரைய வேண்டும். இணைய விவாதக் குழுக்களை நடத்த உதவும் டிஸ்கோர்ஸ் மென்பொருளில் உறுப்பினர்களுக்குத் தரும் நம்பிக்கை நிலைகளில் மூன்றாவதில் இருப்பவர், அதன் இயல்பான அமைப்புப்படி, கடந்த 100 நாளில் பாதி நாளாவது வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் கீழே இறங்கிவிடுவார். லோக்கல் கைடில் நாலு வருஷத்துக்கு முன் ஊரைவிட்டுப் போனவரும் அதே லெவலில் நிற்கிறார்.

கூகுள் இதையெல்லாம் மாற்றும் வரை, புள்ளியைப் பொருட்படுத்தாமல் பின்னைத் திருத்துவதுதான் பெங்களூரில் உருப்படியான வேலை. கடையைத் தட்டி, கீழே திருத்தம் பரிந்துரைக்கும் இடத்துக்குப் போய், இருப்பிடத்தைத் தேர்ந்தெடுத்து, மேப்பைச் செயற்கைக்கோள் படத்துக்கு மாற்றுங்கள். சந்து வழியாக நுழையும் கடையென்றால் பின்னைக் கட்டட நடுவில் வைக்காதீர்கள், வழி வேறு தெருவில் கொண்டுபோய் விடும். வாசல் பக்கம் வையுங்கள். போர்டும் கதவு எண்ணும் தெரியும்படி ஒரு படம் சேர்த்தால் திருத்தத்துக்கு அது சாட்சி. அதற்கும் 5 புள்ளி வரும்.