கன்னி நாயைப் போர்டிங்கில் விடுவதற்கு முன்பு இதைப் படித்துவிடுங்கள்

நாயை விட்டுவிட்டு வெளியூர் போக வேண்டி வரும் சேலத்துக்காரர்களுக்கு, அதிலும் கன்னி, சிப்பிப்பாறை போன்ற நாட்டு வேட்டை நாய் வைத்திருப்பவர்களுக்கு இதை எழுதுகிறேன். ஏற்காடு அடிவாரத்தை ஒட்டி ஒரு நாய் போர்டிங் இருக்கிறது. 'நாட்டு வேட்டை நாய்களுக்கென்றே ஓட்டத் திடல், தினமும் இரு வேளை ஓட்டப் பயிற்சி' என்று விளம்பரம். அம்மாவின் மூட்டு அறுவைச் சிகிச்சைக்காகச் சில வாரங்கள் கோயம்புத்தூரில் தங்க வேண்டியிருந்ததால் எங்கள் கன்னி நாய் காரியை அங்கே விட்டோம். திரும்பக் கிடைத்தது பாதிக் காரிதான். புகார் நிலுவையில் இருப்பதால் இடத்தின் பெயரை எழுதவில்லை. பெயரைவிட அவர்கள் கையாண்ட வித்தை முக்கியம். கன்னி நாய் பிறவியிலேயே ஒல்லி என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த ஒல்லிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நாயைப் பட்டினி போட்டார்கள்.

காரி மூன்று வயது ஆண். கறுப்பு உடல், புருவத்துக்கு மேலும் கால்களிலும் செம்பழுப்பு. தெற்கே கரிசல் காட்டில் முயல் விரட்டுவதற்கென்று தலைமுறை தலைமுறையாக வளர்த்த இனம் இது. மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடும். தூரத்தில் ஏதாவது அசைந்துவிட்டால் போதும், அதற்கப்புறம் நீங்கள் கத்துவது அதன் காதில் விழாது. (இப்போது முயலை விரட்ட விட்டால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம்மை விரட்டும், அது வேறு கதை.) கழுத்தைவிடத் தலை குறுகலாக இருப்பதால் சாதாரணப் பட்டையைப் பின்னால் இழுத்தே கழற்றிவிட்டு ஓடிவிடும், அகலப் பட்டைதான் போட வேண்டும். விடிவதற்கு முன் மூக்கனேரிப் பக்கம் வேலி போட்ட ஒரு காலி நிலத்தில் நாலு சுற்று வெறித்தனமாக ஓடவிட்டால், மிச்சப் பகல் முழுக்க நாற்காலிக்கு அடியில் தூங்கும். அந்த ஓட்டம் இல்லாமல் போனால் கதவைக் கடிக்கும், தன் காலையே கடிக்கும். அதனால்தான் ஊருக்குள் இருக்கும் சாதாரண போர்டிங்குகளை ஒதுக்கிவிட்டுத் திடல் இருக்கும் இடமாகப் பார்த்தோம்.

முன்கூட்டியே நேரில் போய்ப் பார்த்தோம். செம்மண் திடல், ஆளுயரக் கம்பி வேலி, வேப்பமர நிழல். குறை சொல்ல முடியாது. அலுவலக அறையில் ஏற்காடு கோடை விழா நாய்க் கண்காட்சியில் கோப்பையுடன் எடுத்த புகைப்படம். பக்கத்தில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழ், 'அரசுப் பதிவு பெற்ற நிறுவனம்' என்று. பிறகு நிதானமாகப் பார்த்தபோதுதான் அது உத்யம் பதிவு என்று புரிந்தது. சிறு தொழில் செய்பவர் எவரும் ஆதார் எண்ணைக் கொடுத்து, தானே விவரம் எழுதி, காசில்லாமல் இணையத்தில் எடுத்துக்கொள்வது அது. மாவு மில்லுக்கும் அதே தாள்தான். நாயைப் பராமரிக்கத் தெரியும் என்று அதில் யாரும் சான்று சொல்லவில்லை. கோப்பை வாங்கிய நாயும் அவர்களுடையது இல்லை என்று பின்னால் தெரியவந்தது.

கட்டணம் நாளொன்றுக்கு 600 ரூபாய், ஓட்டப் பயிற்சிக்குத் தனியாக 150. பாதியை முன்பணமாக வாங்கிக்கொண்டார்கள். பின்பக்கம் இருந்த கூண்டுகளைக் காட்டச் சொன்னபோது, "புது ஆளைப் பார்த்தால் மற்ற நாய்கள் மிரண்டுவிடும் சார், தூக்கம் கெட்டுவிடும்" என்றார் நடத்துபவர். கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது.

தினமும் ஒரு வீடியோ வந்தது. காரி திடலில் பாய்ந்து ஓடுகிறது, நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறது. அம்மாவுக்குக்கூட ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்துக் காட்டினோம். வீடியோக்களை அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்த என் மனைவிதான் முதலில் கண்டுபிடித்தாள். வேப்பமரத்தடியில் கைப்பிடி உடைந்த ஒரு சிவப்பு வாளி எல்லா வீடியோவிலும் ஒரே இடத்தில், ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. நிழலும் ஒரே நீளம். அதற்கடுத்த நாள் சேலத்தில் கொட்டித் தீர்த்த மழை. அம்மாபேட்டையில் இருக்கும் தம்பி வீட்டு வாசலில் முழங்கால் தண்ணீர். அன்று 'இன்று காலை' என்று வந்த வீடியோவில் திடல் புழுதி பறந்துகொண்டிருந்தது. முதல் நாளே மொத்தமாக எடுத்து வைத்துக்கொண்டு தினம் ஒரு துண்டாக அனுப்பியிருக்கிறார்கள். நேரலையில் காட்டுங்கள் என்று கேட்டால் அடிவாரத்தில் சிக்னல் இல்லையாம். வீடியோ அனுப்ப மட்டும் சிக்னல் இருந்தது.

சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி வந்து நேராகப் பின்பக்கம் போனேன். சிமென்ட் தரை, மூன்று பக்கமும் சுவர், முன்னால் கம்பிக் கதவு. காரி திரும்பிப் படுப்பதற்கே இடம் பற்றாத அளவு. என்னைப் பார்த்ததும் வாலை ஆட்டியது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வால் இரு பக்கச் சுவரிலும் 'பட், பட்' என்று அடித்தது. அடித்த இடத்தில், என் முழங்கால் உயரத்தில், சுவரின் இரு பக்கமும் காய்ந்த ரத்தம் பட்டையாகப் படிந்திருந்தது. இந்த இனத்துக்கு வால் நீளம், நுனியில் தோலும் எலும்பும்தான். குறுகலான இடத்தில் அடைத்தால் நுனி வெடிக்கும், லேசில் ஆறாது. காரிக்கு நுனித்தோல் உரிந்து எலும்பு தெரிந்தது. முழங்கைகள் இரண்டிலும் சிமென்டில் படுத்த புண். நகங்கள் வளைந்து நீண்டிருந்தன. தினமும் மண்ணில் ஓடுகிற நாய்க்கு நகம் தானாகத் தேயும். பயிற்சிக்கு வாங்கிய 150 ரூபாயின் கணக்கு அந்த நகத்திலேயே இருந்தது.

"கன்னி என்றால் இப்படித்தான் சார் இருக்கும், எலும்பு தெரிந்தால்தான் வேட்டை நாய்" என்றார் அந்த மனிதர், எனக்கே பாடம் எடுப்பது போல.

இந்த ஒரு வரிக்குப் பதில் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். நன்றாக இருக்கும் கன்னிக்குக் கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் தெரியும், வயிறு மேலேறி இருக்கும், இடுப்பெலும்பு முனை லேசாகத் தெரியலாம். ஆனால் பின்னந்தொடையைப் பிடித்தால் இறுகிய சதை கையில் நிரம்ப வேண்டும், முதுகெலும்பின் இரு பக்கமும் சதை இருக்க வேண்டும். காரிக்குத் தொடை வற்றிப்போயிருந்தது. முதுகைத் தடவினால் ருத்திராட்ச மாலையை உருட்டுவதுபோல் எலும்பு எலும்பாகத் தட்டுப்பட்டது. தடுப்பூசிப் புத்தகத்தில் 22 கிலோ என்று எழுதியிருந்த நாய் அன்று 16.5 கிலோ. இனத்தின் மேல் பழியைப் போட்டு அந்த ஐந்தரைக் கிலோவை மறைக்கப் பார்த்தார்கள்.

காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி அப்பியிருந்தது. ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் குறைந்திருந்தன. உண்ணிக் காய்ச்சல் என்று உறுதியானது. இதற்கு டாக்சிசைக்ளின் மாத்திரையைப் பொதுவாக 28 நாள் கொடுக்க வேண்டும். நாய் தெளிந்துவிட்டது என்று நடுவில் நிறுத்தக் கூடாது. பசித்த நாய்க்கு ஒரே நாளில் அள்ளிக் கொட்டவும் கூடாது என்றார் மருத்துவர். கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளையாகக் கொடுத்துதான் ஏற்றினோம். வால் நுனியை வெட்ட வேண்டியிருந்தது. மயக்க மருந்து கொடுக்கும்போது, இது உடம்பில் கொழுப்பே இல்லாத வேட்டை இனம் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சில மயக்க மருந்துகள் இந்த வகை நாய்களின் உடலைவிட்டு இறங்க வெகுநேரமாகும். எங்கள் மருத்துவருக்கு அது தெரிந்திருந்தது, நல்லவேளை.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, 'பிராணியின் உடல்நலக் குறைவுக்கு நிறுவனம் பொறுப்பல்ல' என்று படிவத்தில் அச்சடித்திருந்த வரியைக் காட்டினார்கள். அந்த வரி இருந்தாலும் சேவைக் குறைபாட்டுக்காக நுகர்வோர் ஆணையத்துக்குப் போகத் தடையில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். நாம் செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. ஆரம்ப ஆலோசனைக்கு 1915 என்ற எண் இருக்கிறது. விலங்கு வதைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்பீர்கள். 1960இல் வந்த அந்தச் சட்டத்தில், நாய்க்குச் சோறு போடாமல் அடைத்துவைத்த முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. சேலத்தில் ஒரு தட்டுவடை செட்டும் ஒரு டீயும் அதைவிட அதிகமாகிவிடும்.

திடலைக் காட்டினால் பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் இரவில் நாய் படுக்கும் இடத்தைக் காட்ட மறுத்தால் அப்படியே திரும்பிவிடுங்கள். நாயை ஒப்படைக்கும்போது அவர்கள் கண்ணெதிரே எடை போட்டு, ரசீதில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எங்கள் புகாரில் இப்போது வலுவாக நிற்பது தடுப்பூசிப் புத்தகத்தில் இருந்த அந்த எடைதான்; ஆனால் அது எங்கள் பக்கத்துத் தாள் என்று எதிர்த்தரப்பு மறுக்கிறது. நாயை விடுவதற்கு முன் உண்ணி மருந்தை நீங்களே போட்டுவிடுங்கள். தினமும் அன்றைய செய்தித்தாளை நாயின் பக்கத்தில் வைத்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள், சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

அடிவாரப் பக்கம் இதே மாதிரி அனுபவப்பட்டவர்கள் இருந்தால் பணம் கட்டிய ரசீதையும் அவர்கள் அனுப்பிய வீடியோக்களையும் அழித்துவிடாதீர்கள். வீடியோ வந்த தேதியும் நேரமும் தெரியும்படி செல்பேசித் திரையைப் படமெடுத்து வையுங்கள். தனித்தனியாகப் புகார் கொடுத்தாலும் ஒரே சிவப்பு வாளி எல்லோர் வீடியோவிலும் இருந்தால் ஆணையத்தில் அதற்குத் தனி மதிப்பு உண்டு என்று எங்கள் வழக்கறிஞர் சொல்கிறார்.