புதிய சிற்றினத்துக்கு முதல் சாட்சி: மரபணுத்தொகுதியா, வேதிக்கூறுகளா?

பெங்களூரு ஏரி ஒன்றின் சேற்றிலிருந்து நாங்கள் பிரித்தெடுத்த பேசில்லஸ் பாக்டீரியாவின் 16எஸ் ஆர்ஆர்என்ஏ வரிசை (பாக்டீரியாக்களை அடையாளம் காணப் பயன்படும் ஒரு மரபணுவின் வரிசை), அறியப்பட்ட சிற்றினங்கள் எதனோடும் 98.7 விழுக்காடு அளவுக்குக்கூட ஒத்துப்போகவில்லை. புதிய சிற்றினமாக இருக்கலாம் என்பதற்கு அது நல்ல அறிகுறி. அந்த எல்லையைத் தாண்டியிருந்தாலும் பழைய இனம்தான் என்று முடிவுகட்ட முடியாது; அன்று பேசில்லஸ் பேரினத்தில் இருந்த குளோபிஸ்போரஸும் சைக்ரோஃபைலஸும் 99.5 விழுக்காட்டுக்கு மேல் ஒத்திருந்தும் டிஎன்ஏ கலப்புச் சோதனையில் (இரண்டின் டிஎன்ஏ இழைகள் எவ்வளவு இணைகின்றன என்று பார்ப்பது) தனித்தனி இனங்களாக நின்றதை 1992ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டிவிட்டார்கள்.

அடுத்து செல்லின் முழு டிஎன்ஏவான மரபணுத்தொகுதியை வரிசைப்படுத்துவதா, கொழுப்பு அமிலம், செல்சுவர் போன்ற வேதிக்கூறுகளைப் பகுப்பதா என்ற கேள்வி வந்தபோது, கையிலிருந்த நிதி ஒன்றை முடித்த பிறகே மற்றதைத் தொட இடம் கொடுத்தது. நான் மரபணுத்தொகுதியின் பக்கம் நின்றேன். இன்றும் அங்கேதான் நிற்கிறேன். சராசரி நியூக்ளியோடைடு ஒற்றுமை (இரு தொகுதிகளின் பொதுப் பகுதிகள் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கும் அளவு) 95–96 விழுக்காட்டுக்குக் கீழும், கணினி வழி டிஎன்ஏ கலப்பு மதிப்பு 70 விழுக்காட்டுக்குக் கீழும் இருந்தால் தனி இனம் என்ற அளவுகோல்களையும், குவானின்–சைட்டோசின் விகிதத்தையும் அந்த ஒரே வேலை தந்துவிடுகிறது.

ஆனால் என்னைத் தீர்மானிக்க வைத்தது வேறு: ஒருமுறை பெற்ற தரவு அடுத்தமுறைக்கும் செல்லுமா என்பது. டிஎன்ஏ வரிசை, செல்களை எந்த வெப்பநிலையில் வளர்த்தோம் என்பதைப் பொறுத்து மாறாது. கொழுப்பு அமிலங்களோ மாறும். குளிரில் வளர்ந்த பேசில்லஸில் ஆன்டிஐசோ எனப்படும் கிளைக் கொழுப்பு அமில வகை கூடும். வளர்ப்பு ஊடகமும் வளர்ச்சிப் பருவமும் கூட அளவுகளை நகர்த்தும். எங்கள் திரிபை, அதாவது நாங்கள் பிரித்தெடுத்த பாக்டீரியாவை, 30 டிகிரியில் வளர்த்துவிட்டு, அண்டை இனங்களுக்கு வேறு யாரோ 37 டிகிரியில் எடுத்த எண்களை அருகில் எழுதி அனுப்பினேன். மதிப்பாய்வாளர் அந்த அட்டவணையை நிராகரித்தார், நியாயமாகவே. பிறகு அண்டை இனங்களின் வகைத் திரிபுகளை (ஒவ்வோர் இனத்துக்கும் அடையாள மாதிரியாகச் சேமித்துள்ள வளர்ப்புகளை) விலைக்கு வாங்கி, உயிர்ப்பித்து, எல்லாவற்றையும் ஒரே ஊடகத்தில் ஒரே பருவம் வரை வளர்த்து முடிப்பதற்குள் மாதங்கள் ஓடின. நாளை இன்னொரு நெருங்கிய திரிபு கிடைத்தால் அத்தனையும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மரபணுத்தொகுதியானால் பொதுத் தரவுத்தளத்தில் உள்ள வரிசைகளோடு ஒரு மாலைக்குள் ஒப்பிட்டுவிடலாம்.

அவ்வளவு உழைத்தும் பேசில்லஸில் கிடைப்பது செல்சவ்வில் மெனாகுயினோன்-7 என்ற மூலக்கூறு, செல்சுவரில் மெசோ-டைஅமினோபிமெலிக் அமிலம், 15 கார்பன் கொண்ட கிளைக் கொழுப்பு அமிலங்கள் என்ற வழக்கமான பட்டியல்தான். இந்த வீட்டுப் பிள்ளை என்று அது சொல்லும். எந்தப் பிள்ளை என்று சொல்லாது.

மரபணுத்தொகுதியிலும் ஓட்டைகள் உண்டு. வளர்ப்பில் வேறு பாக்டீரியா கலந்திருந்தால் இரண்டின் வரிசைகளும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். ஆகவே தனியாக எடுத்த 16எஸ் வரிசை தொகுதிக்குள் உள்ளதோடு பொருந்துகிறதா என்று பார்க்காமல் மேலே போகக் கூடாது. எண்ணே எல்லாம் என்றும் சொல்வதற்கில்லை: எஷரிஷியா கோலையும் ஷிகெல்லாவும் எண்களின்படி ஒரே இனமாக இருக்க வேண்டியவை, மருத்துவப் பழக்கத்தால் இரு பேரினங்களாகவே நீடிக்கின்றன.

என் அனுபவம் பேசில்லஸோடு முடிகிறது. ஆக்டினோபாக்டீரியாவில் கணக்கு வேறு: ஸ்ட்ரெப்டோமைசிஸின் செல்சுவரில் அதே டைஅமினோபிமெலிக் அமிலத்தின் எல்எல் வடிவமும், நோகார்டியாவில் மெசோ வடிவத்தோடு அராபினோஸ், காலக்டோஸ் சர்க்கரைகளும் இருப்பதே பேரினத்தைப் பிரித்துக் காட்டிவிடுகிறது. அந்தக் குழுவில் வேலை செய்யும் பக்கத்து மேசைத் தோழி இன்றும் செல்சுவரிலிருந்துதான் தொடங்குகிறார். அவரிடம் நான் வாதிடுவதில்லை.