மார்பு வளைய ஹார்னஸ்: கடைவீதிக்கு நாயைக் கூட்டிப்போக உதவுமா?

ஹார்னஸ் (கழுத்துக் காலருக்குப் பதில் நாயின் மார்பையும் உடம்பையும் சுற்றிப் போடும் பட்டை) வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது கயிறு மாட்டும் வளையம் எங்கே இருக்கிறது என்பதைத்தான். முதுகில் மட்டும் இருந்தால் நாய் வண்டிமாடு போல மார்பைக் கொடுத்து இழுக்கும். மார்பில் இருந்தால் இழுத்த கணமே உடம்பு நம் பக்கம் திரும்பிவிடும். கோவை காந்திபுரம் மாதிரி ஹாரன் ஓயாத இடத்துக்கு இதுதான் தோது. ஒரு தொல்லை, கயிறு தொய்ந்தால் முன்னங்காலில் சிக்கும்.

பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். அக்குளில் உரசினால் முடி உதிர்ந்து புண்ணாகும், அதுவும் நனைந்த பட்டையென்றால் சீக்கிரமே. சிப்பிப்பாறை, கன்னி இன நாய்களை வளர்ப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்கணும். தலை ஒடுக்கம், வயிறு ஒட்டல். மிரண்டு பின்வாங்கினால் சாதாரணக் காலர், ஹார்னஸ் இரண்டிலிருந்தும் நழுவிவிடும். இடுப்புப் பக்கம் மூன்றாவது பட்டை உள்ளதை வாங்குங்கள்.

நாள்பட முதலில் போவது பிளாஸ்டிக் பக்கிளும் மார்பு வளையத் தையலும். கிளம்பும் முன் இரண்டையும் இழுத்துப் பாருங்கள். துவைத்தால் நிழலில் காயப்போடுங்கள்.

ஹார்னஸ் இழுப்பைக் குறைக்கும், அவ்வளவுதான். நிதானத்தைக் கற்றுத் தருவது, சத்தத்திலிருந்து விலகி நிற்கும் தூரம். பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்குள் எடுத்த எடுப்பில் நுழைவது வீண் வம்பு. சத்தம் கேட்டும் நாய் தின்கிற தூரத்தில் நில்லுங்கள். பொட்டுக்கடலை அளவு நறுக்கிய, வேகவைத்த கோழி ஈரல் போதும். ஈரலை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பினாலோ, வாயை இறுக மூடி உறைந்து நின்றாலோ கிட்டே வந்துவிட்டோம் என்று பொருள். பத்தடி பின்னால் போங்கள். வால் தளர்ந்தபின் இரண்டு எட்டு முன்னால். பத்து நிமிடத்தோடு வீடு திரும்பலாம்.

பலரும் சொதப்புவது வரிசையில். பைக் வரணும், நாய் அதைப் பார்க்கணும், பிறகுதான் ஈரல். முதலில் ஈரல், அடுத்து பைக் என்று பழகினால், ஈரல் பையைத் திறந்தாலே நாய் மிரள ஆரம்பிக்கும்.

நம்மூரில் டீ என்றால் பேக்கரிதான், அதனால் பேக்கரி வாசலில் படுத்திருக்கப் பழக்குவது பெரும் உபகாரம். ஒரு சாக்குத் துண்டு போதும். வீட்டில் சாக்கின்மேல் படுத்தால் ஈரல். பிறகு கூட்டமில்லாத மத்தியான பேக்கரி. சாயங்கால நெரிசல் கடைசியில். மத்தியானத்தில் தார் ரோட்டில் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் நாயை நடக்கவிடாதீர்கள். 'விடு' என்றால் வாய் வைக்காமல் விலகப் பழகாமல் பேக்கரிப் பக்கமே வேண்டாம். கீழே கிடக்கும் கேக்கில் உலர் திராட்சை இருந்தால் சிறுநீரகத்துக்கே ஆபத்து.

கூட்டத்தில் சுருள் கயிறு (நாய் இழுக்க இழுக்க நீண்டு, தானே உள்ளே சுருளும் கயிறு) வேண்டவே வேண்டாம். ஆட்டோ திரும்புகிற வேகத்துக்குப் பொத்தானை அழுத்தி நிறுத்த முடியாது, மெல்லிய கயிறு கையையும் அறுக்கும். நாலடி முதல் ஆறடி வரை நீளமுள்ள பட்டைக் கயிறே போதும்.