செம்புக் கலன் பளபளத்தது, உள்ளே ஒன்றும் கொதிக்கவில்லை

சின்ன அளவில், தாங்களே காய்ச்சுவதாகச் சொல்லும் விஸ்கி டிஸ்டிலரியைச் சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறவர்கள், டிக்கெட் எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். போன மாதம் நான் ஏமாந்து வந்தேன்.

கூட்டிப் போனவர் நன்றாகத்தான் பேசினார். "இங்கேயே பார்லியை அரைத்து, ஊறல் போட்டு, காய்ச்சி, எட்டு வருடம் பீப்பாயில் வைத்த சரக்கு" என்றார். ஆனால் உள்ளே நுழைந்ததுமே எனக்கு உறுத்தியது. ஊறல் பொங்குகிற இடம் என்றால் புளித்த மாவு வாசனை வாசலிலேயே முகத்தில் அடிக்கும். பொங்கி அடங்க இரண்டு மூன்று நாளாவது ஆகும் என்பதால், தொடர்ந்து காய்ச்சுகிற இடத்தில் ஏதாவது ஒரு தொட்டியில் நுரை தள்ளிக்கொண்டே இருக்கும். அங்கே நான்கு தொட்டி, நான்கும் வறண்டு கிடந்தன. எட்டிப் பார்த்தேன். ஒன்றின் அடியில் ரப்பர் குழாயைச் சுருட்டிப் போட்டிருந்தார்கள். ஊறலைக் காய்ச்சுகிற செம்புக் கலனில் புறங்கையை வைத்தேன், சில்லென்று இருந்தது. சாராயம் வழிந்து இறங்குவதைப் பார்க்கிற கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ஈ செத்து, காய்ந்து கிடந்தது. "இன்றைக்கு மராமத்து நாள்" என்றார். நம்பி ஒரு பாட்டிலும் வாங்கினேன்.

வீட்டில் லேபிளைப் படித்தபோதுதான் புரிந்தது. 'பாட்டிலில் நிரப்பியது' என்று மட்டும் இருக்கிறது. 'காய்ச்சியது' என்ற சொல்லே எங்கும் இல்லை. வாசல் பலகையோடு நான் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்: தொடங்கி நான்கே வருடம். அப்புறம் எட்டு வருடச் சரக்கு எங்கிருந்து வந்தது?

வெளியில் வாங்கி நிரப்புவது தப்பே இல்லை. அமெரிக்காவில் இண்டியானாவின் லாரன்ஸ்பர்க்கில் இருக்கும் பெரிய டிஸ்டிலரியிலிருந்து எத்தனையோ பிராண்டுகள் வாங்குகின்றன, நல்ல சரக்குதான். அதைச் சொல்லிவிட்டு விற்கட்டும். நிஜமாகவே காய்ச்சுகிறவர்களை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. ஸ்காட்லாந்துச் சட்டப்படி ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருடம் கிடந்தால்தான் அது விஸ்கி. அதற்குள் வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகவே போய்விடும். விற்க விஸ்கி இல்லாத அந்த வருடங்களை பீப்பாயில் கிடக்க வேண்டாத ஜின் என்ற சரக்கை விற்றுத் தள்ளுகிறவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் பட்ட பாட்டின் பெயரைச் சொல்லித்தான் இவர்கள் என்னிடம் காசு வாங்கினார்கள்.

நீங்கள் போனால் இரண்டு கேள்வி கேளுங்கள்: முதல் பீப்பாயை எந்த வருடம் நிரப்பினீர்கள், கடைசியாகக் கலனை மூட்டியது என்றைக்கு? முதல் கேள்வியை நான் போனில் கேட்டேன். "மேனேஜரைக் கேட்டுச் சொல்கிறோம்" என்றார்கள். மூன்று வாரம் ஆகிவிட்டது. இப்போது என் நம்பரைப் பார்த்தால் எடுப்பதில்லை.