நீடாமங்கலம் பக்கம் ஓர் ஆயில் எஞ்சின் பட்டறை: எதற்குப் போகலாம், எதற்கு வேண்டாம்

நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி போகிற வழியில் தகரக் கொட்டகை போட்ட பட்டறை இது. ஒரு மெக்கானிக், கூட இரண்டு பையன்கள். பெயரைப் போட வேண்டாம் என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டார். வைகாசி பிறந்தாலே வாசலில் டில்லர் (கையால் பிடித்து ஓட்டும் உழவு எந்திரம்) நிறுத்த இடமில்லை என்பது அவர் கவலை. ஜூன் 12 மேட்டூர் அணைத் திறப்பை மனதில் வைத்துத்தான் இந்தப் பக்கம் எல்லாரும் ஓடுவோம். நாற்றங்காலுக்கு ஃபில்டர் பாயிண்டில் (ஆழம் குறைந்த குழாய்க் கிணறு) எஞ்சினைப் பூட்டும் அன்றைக்குத்தான் அது போன தாளடி நெல் பருவத்திலேயே புகை கக்கியது ஞாபகம் வரும்.

பட்டறையின் கெட்டிக்காரத்தனம் ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சினிலும் பவர் டில்லரிலும்தான். மற்றவையும் பார்க்கிறார்கள், ஆனால் அதே தரத்தில் இல்லை. எஞ்சினைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும்.

"தண்ணி இழுக்கலண்ணே, ரிங் போயிடுச்சு போல" என்று ஒருவர் எஞ்சினை ஏற்றிக்கொண்டு வந்தால், பல பட்டறைகளில் அந்த வாக்கியத்தின் பின்பாதியை, அதாவது பிஸ்டன் வளையமான ரிங்கை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, சிலிண்டர் மூடியான ஹெட்டைக் கழற்றிவிடுவார்கள். இங்கே முதல் கேள்வி, "தண்ணி மட்டம் எத்தனை அடியில நிக்குது?" சென்ட்ரிஃபியூகல் பம்பு மேலே நின்று உறிஞ்சுகிற உயரத்துக்கு ஒரு வரம்பு உண்டு. காற்றழுத்தக் கணக்குப்படி சுமார் 10.3 மீட்டர். குழாய் உராய்வு, சின்னச் சின்னக் காற்றுக் கசிவு எல்லாம் போக வயலில் கைக்குக் கிடைப்பது 6, 7 மீட்டர்தான். கோடையில் மட்டம் அதற்குக் கீழே போய்விட்டால் புது ரிங் போட்டாலும் தண்ணீர் வராது. பம்பைக் குழியில் இறக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சப்மெர்சிபிள்தான்.

அடுத்து சக்‌ஷன் பக்கம். குழாய் அடியில் தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் ஃபுட் வால்வின் வாஷர், குழாய் இணைப்பிலுள்ள ஃபிளாஞ்ச் கேஸ்கெட், பம்பு ஷாஃப்டைச் சுற்றி அடைக்கும் கிளாண்டு கயிறு என்று வரிசையாகப் பார்க்கிறார்கள். கிளாண்டில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருக்க வேண்டும். "ஒழுகுதே" என்று ஒட்ட இறுக்கினால் கயிறு கருகி ஷாஃப்டை அரித்துவிடும். ரொம்பத் தளர்த்தினால் அந்த வழியாகவே காற்று உள்ளே போகும். சாணி கரைத்த தண்ணீரை ஊற்றி பம்பை நிரப்புவது (பிரைம் பண்ணுவது) நம் ஊர் வழக்கம். கசிவை அது தற்காலிகமாக அடைக்கும், ஆனால் எங்கே கசிகிறது என்பதையும் சேர்த்து மறைத்துவிடும். இங்கே சக்‌ஷன் பைப்பில் வாக்கூம் கேஜ் பூட்டிப் பார்க்கிறார்கள். முள் அதிகமாக ஏறி நின்றும் தண்ணீர் வரவில்லை என்றால் ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது மட்டம் இறங்கியிருக்கிறது. முள் ஏறவே இல்லை என்றால் காற்று இழுக்கிறது, அல்லது பம்பு தேய்ந்திருக்கிறது. எஞ்சினில் கை வைக்காமலேயே பாதி வழக்கு இங்கே தீர்ந்துவிடும்.

அடுத்து வேகத்தை அளக்கும் டேக்கோமீட்டர். இந்தப் பக்கம் ஓடும் 5 எச்.பி. எஞ்சின்கள் பெரும்பாலும் 1500 ஆர்.பி.எம்.மில் ஓட வேண்டியவை. தண்ணீர் கூடுதலாக வரட்டும் என்று வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் ஸ்பிரிங்கை இறுக்கி 1650-இல் ஓட்டுகிறவர்கள் உண்டு. வேகம் பத்து சதவீதம் கூடினால் தண்ணீரும் அதே அளவுதான் கூடும். பம்பு கேட்கிற சக்தியோ வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும், கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். கொஞ்சம் தண்ணீருக்கு அவ்வளவு சுமை. கறுப்புப் புகை அடிக்காமல் என்ன செய்யும்? அப்படி வந்த எஞ்சினுக்குக் கவர்னரைப் பழைய இடத்தில் வைத்து, ஏர் கிளீனரைக் கழுவி, ஆயில் ஊற்றி அனுப்பிவிடுகிறார்கள். இதற்கெல்லாம் ரிங் செட் விற்றிருக்கலாம். விற்பதில்லை.

ஆயில் எரிகிற நீலப் புகை வந்தால்தான் ஹெட் கழற்றும் பேச்சு. இங்கேதான் வேலையின் சுத்தம் தெரிகிறது. கழற்றியதும், பிஸ்டன் ஓடும் உள் உருளையான லைனரைத் துடைத்து, துளை விட்டத்தை அளக்கும் போர் டயல் கேஜை இறக்கி மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் அளக்கிறார்கள். ஒவ்வோர் இடத்திலும் கிராங்க் ஷாஃப்ட் போகிற வாட்டத்தில் ஒன்று, குறுக்கே ஒன்று, ஆக ஆறு அளவு. ஒரு அட்டைத் துண்டில் பையன் எழுதிக்கொள்கிறான். கிர்லோஸ்கர் ஏவி1 மாதிரி 80 மி.மீ. போர் எஞ்சினில் தேய்மானம் மேலேதான் அதிகம் இருக்கும், மேல் ரிங் திரும்புகிற இடத்தை ஒட்டி. பிஸ்டன் பக்கவாட்டில் உரசுகிற வாட்டத்தில் இன்னும் கூடும். வட்டம் முட்டை வடிவமாகிவிடும்.

அந்த லைனரின் மேல் விளிம்பில் நகத்தை வைத்துக் கீழிருந்து மேலே இழுத்தால் ஒரு படி தட்டும். ரிங் எட்டாத இடம் தேயாமல் அப்படியே நிற்பதால் வருகிற வரப்பு அது. "லைனர் நல்லாத்தான் இருக்கு, ரிங் மட்டும் போட்டுக்கலாம்" என்று பணத்தை மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்களுக்கு மெக்கானிக் இந்தப் படியைத்தான் தொட்டுக் காட்டுகிறார். பழைய ரிங் அந்தப் படிக்கு ஏற்றபடி முனை மழுங்கிப்போயிருக்கும். புது ரிங்கின் முனை கூர்மையானது. நேராகப் போய் படியில் இடிக்கும். மேல் ரிங் ஒடிந்தால் துண்டு லைனரைக் கீறிக்கொண்டே இறங்கும். ஒடியாமல் தப்பினாலும் முட்டை வடிவத் துளையில் வட்ட ரிங் எங்கே ஒட்டும்? ஒரு போகம் முடிவதற்குள் மறுபடியும் புகைதான். இந்த எஞ்சினில் இருப்பது வெளிப்புறம் தண்ணீர் படும் லைனர். போர் அடித்துப் பெரிதாக்குகிற வேலை இல்லை. லைனர், பிஸ்டன், ரிங் மூன்றையும் செட்டாகவே மாற்ற வேண்டும்.

மாற்றும்போது பலர் கவனிக்காத ஒரு வேலையை இங்கே செய்கிறார்கள். லைனரின் அடிப்பக்கம் ரப்பர் ஓ ரிங்குகள் இருக்கும். முறுக்கிக்கொள்ளாமல் சோப்பு நீர் தடவி லைனரை அழுத்தி உட்கார வைத்துவிட்டு, பிஸ்டன் போடுவதற்கு முன்பே லைனரைச் சுற்றியுள்ள ஜாக்கெட்டில் தண்ணீர் நிரப்பி அப்படியே விட்டுவிடுகிறார்கள். கீழே ஆயில் நிற்கும் கிராங்க் கேஸ் பக்கம் ஒரு சொட்டு இறங்கினாலும் லைனரை வெளியே எடுத்து மறுபடியும் போடுவார்கள். இந்தச் சோதனையைத் தவிர்த்தால், ஓட்ட ஆரம்பித்த பிறகுதான் ஆயில் பால் டீ நிறத்தில் திரும்பியது தெரியும். அதற்குள் பிக் எண்ட் பேரிங் பாழாகியிருக்கும்.

ரிங்கை லைனருக்குள் தனியாகப் போட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்க்கிறார்கள். இந்தப் போருக்கு 0.3 மி.மீ. சுற்றி இருந்தால் சரி. இடைவெளியே இல்லாமல் வரும் ரிங்கும் உண்டு. சூட்டில் நீளும்போது முனைகள் முட்டிக்கொண்டு லைனரைச் சுரண்டும். அதற்கு அரம் வைத்து ராவுகிறார்கள். ஹெட் உட்காரும் முன் பிஸ்டன் மேல் ஈயக் கம்பித் துண்டை வைத்து, ஹெட்டை இறுக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, நசுங்கிய கனத்தை மைக்ரோமீட்டரில் பார்க்கிறார்கள். கேஸ்கெட் கனம் மாறினால் கம்ப்ரஷன் மாறும். கை அடித்தும் பிடிக்காத "ஓவரால்" (முழுதாகப் பிரித்துப் புதுப்பித்த) எஞ்சின்களில் சில இந்த ஒரு காரணத்தால்தான் அடம் பிடிக்கும்.

டீசலைச் சிலிண்டருக்குள் தூவும் நாசிலுக்குத் தனியாக டெஸ்டர் வைத்திருக்கிறார்கள். கைப்பிடியை அழுத்தினால் சுமார் 200 கிலோ அழுத்தத்தில் 'கிர்ர்' என்று நடுங்கிப் பனி போலத் தூவ வேண்டும். கோடாகப் பீய்ச்சினாலோ, நின்ற பிறகு முனையில் ஒரு துளி தொங்கினாலோ அந்த நாசில் எஞ்சினுக்கு எமன். துளித் துளியாக விழும் டீசல் பிஸ்டன் தலையைப் பொத்து எடுக்கும், லைனரில் ஆயிலைக் கழுவிவிடும். ஒரு எச்சரிக்கை: அந்தப் பீய்ச்சலுக்கு எதிரே விரலை நீட்டிப் பார்க்காதீர்கள். டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், சாதாரணக் காயம் என்று விட முடியாது.

கூலிங் தண்ணீர் பற்றி இவர்கள் சொல்வதை ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் பம்புசெட்டில் டெலிவரியிலிருந்து ஒரு டியூப் பிரித்து எஞ்சினுக்கு விடுகிறோம். முழு வேகத்தில் திறந்துவிட்டால் எஞ்சின் சூடே ஏறாது. சூடு ஏறாத சிலிண்டரில் டீசல் முழுசாக எரியாமல் ஆயிலில் கலக்கும். லைனரும் அமிலத்தில் அரிக்கும். வெளியே வருகிற தண்ணீரில் கையை அதிக நேரம் வைத்திருக்க முடியாத சூடு இருக்கட்டும், அதற்கு ஏற்ப வால்வைக் குறைத்து வை என்கிறார்கள். வேதாரண்யம், தலைஞாயிறு பக்கத்து உப்புத் தண்ணீரில் ஓடுகிற எஞ்சினுக்குச் சிக்கல் வேறு. ஜாக்கெட்டில் காரை படிந்து, தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தாலும் லைனர் வெந்துபோகும். லைனரை எடுக்கும்போது அந்தக் காரையைச் சுரண்டி எடுக்காமல் புது லைனர் போடுவது பணத்தை ஆற்றில் விடுகிற மாதிரி. இவர்கள் சுரண்டுகிறார்கள். அதற்குக் கூலி தனி.

பவர் டில்லருக்கு வருவோம். சேற்றில் ஓடுவதால் முதலில் போவது ஆயில் சீல். ரோட்டரி ஷாஃப்டில் நைலான் கயிறு, வைக்கோல், பழைய வலைத் துண்டு எல்லாம் சுற்றிக்கொண்டு சீல் உதட்டை அறுத்துவிடும். அதன் வழியே சேற்றுத் தண்ணீர் உள்ளே போய் 90 நம்பர் கியர் ஆயில் சாம்பல் நிறமாகும். எந்தப் பட்டறையிலும் சீல் மாற்றுவார்கள். சீல் உட்காரும் இடத்தில் ஷாஃப்டைத் துடைத்து, விரல் நகத்தால் தடவிப் பார்ப்பவர்கள் குறைவு. பழைய சீல் உதடு ஓடி ஓடி ஷாஃப்டில் ஒரு பள்ளம் போட்டிருக்கும். புது சீலின் உதடு அதே பள்ளத்தில் விழுந்தால் பத்தே நாளில் கசியும். இங்கே இடமிருந்தால் சீலை ஓரிரு மி.மீ. தள்ளி அடிக்கிறார்கள்; இல்லையென்றால் லேத்துக்கு அனுப்பி ஸ்லீவ் போட்டு வாங்குகிறார்கள். வேலை ஒரு நாள் தள்ளிப்போகும், போகட்டும்.

பெல்ட்டில் ஒரு நல்ல பிடிவாதம்: ஒன்று அறுந்தாலும் செட்டாகத்தான் மாற்றுவார்கள். பழையது நீண்டிருக்கும், புதியது மட்டும் சுமையை இழுத்துச் சீக்கிரம் போய்விடும்.

பிரஷ் கட்டர், செயின் சா பார்ப்பது சுமார். கஜா புயலுக்குப் பிறகு, 2018 நவம்பரில் விழுந்த தென்னைகளை அறுக்க வாங்கிய ரம்பங்கள் இன்னும் இந்தப் பக்கம் சுற்றிக்கொண்டிருக்கின்றன. டூ ஸ்ட்ரோக்குக்கு ஆயில் கலக்கும் அளவைக் கம்பெனிப் புத்தகம் சொல்கிறபடிதான் போடச் சொல்கிறார்கள். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி. கார்புரேட்டர் டயாஃப்ரம் விறைத்துப்போவதுதான் வழக்கமான கோளாறு. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், சீசன் முடிந்து டேங்கில் அப்படியே விட்டால் அடுத்த சீசனில் ஸ்டார்ட் ஆகாது. வடித்துவிட்டு, நிற்கும் வரை ஓட்டி வைத்தால் போதும். டிவிஎஸ் எக்ஸ்எல் செயின், ஸ்பிராக்கெட், பின் சக்கர பேரிங் எல்லாம் நன்றாகவே செய்கிறார்கள். இரண்டு மூட்டை நெல் ஏற்றுகிற வண்டிக்கு வேறென்ன வேண்டும்?

பேட்டரி ஸ்பிரேயரை மட்டும் இங்கே கொடுக்காதீர்கள். மோட்டார் ஓடவில்லை என்றால் முழு பம்பையும் மாற்றிவிடுகிறார்கள். பெரும்பாலும் பிரஷர் சுவிட்சில் மருந்து கசிந்து உப்புப் பூத்திருக்கும், அல்லது டயாஃப்ரம் கிழிந்திருக்கும், அல்லது 12 வோல்ட் பேட்டரியைச் சீசனுக்குச் சீசன் சார்ஜ் போடாமல் வைத்துச் சாகடித்திருப்பார்கள். சும்மா வைத்து அளந்தால் 12 வோல்ட் காட்டும், மோட்டாரைப் போட்டதும் 10-க்குக் கீழே விழும். மீட்டரை மோட்டார் ஓடும்போது பிடிக்க வேண்டும் என்பது எஞ்சினை இத்தனை நுணுக்கமாக அளக்கிற இடத்தில் தெரியாமல் இருப்பது விசித்திரம்தான்.

குறைகள் இன்னும் உண்டு. பில் கிடையாது, சீட்டில் மொத்தத் தொகை மட்டும். உதிரி பாகத்தின் பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பார்ட் நம்பர் அதில்தான் இருக்கும். கழற்றிய பழைய சாமான்களைக் கேட்காமலேயே சாக்கில் கட்டித் தருகிறார்கள், அது நல்ல பழக்கம். வைகாசி, ஆனியில் சொன்ன நாளில் வேலை முடியாது. "நாளைக்கு வாங்க மாமா" என்று மூன்று நாள் சொல்வார்கள். பங்குனி, சித்திரையில் கொடுத்தால் இரண்டு நாளில் கைக்கு வரும்.

ஓவரால் முடிந்த எஞ்சினை முதல் 20 மணி நேரம் டெலிவரி வால்வைப் பாதி மூடி, குறைந்த சுமையில் ஓட்டச் சொல்கிறார்கள். அரை மணி ஓட்டி, ஆறவிட்டு, ஹெட் நட்டுகளை எதிரெதிராக மறுபடியும் இறுக்கி வால்வு இடைவெளியை (டேப்பட்) சரியாக வைத்துத் தருகிறார்கள். இதற்காக இன்னொரு முறை போக வேண்டியிருந்தாலும் போய்விடுங்கள்.

எஞ்சினை ஏற்றும்போது டீசல் டேங்கையும் சேர்த்தே ஏற்றுங்கள். கனமாக இருக்கிறது என்று அதை மட்டும் கொட்டகையிலேயே விட்டுவிட்டு வருகிறவர்கள் அதிகம். டேங்க் அடியில் கிடக்கிற துருவும் மழைத் தண்ணீரும்தான் ஃபில்டரைத் தாண்டி டீசல் பம்பின் எலிமென்டைக் கீறியிருக்கும். புதிதாகச் செய்த நாசிலுக்கும் அடுத்த வாரம் அதே துருதான் போய்ச் சேரும்.